லாரியில் போன கடற்கரை

எங்கள் தெருவில் முதல் வீட்டின் எண் ஏழு.

ஒன்று முதல் ஆறு வரை எங்கே என்று புதிதாக வருகிறவர்கள் கேட்பார்கள். நாங்கள் கடலைக் காட்டுவோம். வேடிக்கை பண்ணுகிறோம் என்று நினைத்துச் சிரிப்பார்கள். நாங்கள் சிரிக்காமல் நிற்பதைப் பார்த்ததும் அவர்களுக்கும் சிரிப்பு நின்றுவிடும்.

எங்கள் வீடு ஒன்பது. இன்னும் இருக்கிறது.

'கடற்கரை' என்ற சொல்லை எங்கள் தெருவில் யாரும் சொல்லமாட்டார்கள். 'கீழே' என்றுதான் சொல்வோம். "கீழே போயிட்டு வரேன்" என்றால் கடற்கரைக்குப் போகிறோம் என்று அர்த்தம். போன வருடம் பள்ளிக்கூடத்துக்குப் புதிதாக வந்த கணக்கு சார், "பென்சில் பாக்ஸ் எங்கடா?" என்று கொசுவைக் கேட்டார். "கீழே விட்டுட்டேன் சார்" என்றான் அவன். சார் குனிந்து பெஞ்சுக்கு அடியில் ரொம்ப நேரம் தேடினார். பாவம், நல்ல மனுஷன்.

கொசு என் வகுப்பில்தான் படிக்கிறான். காதுக்குப் பக்கத்தில் வந்து எதையாவது பாடிக்கொண்டே இருப்பான். அதனால் அந்தப் பெயர். என்னைப் பட்டாசு என்பார்கள். ஏன் என்று கேட்காதீர்கள், எனக்குக் கோபம் வரும்.

ஆனால் நான் சொல்ல வந்தது என் தம்பியைப் பற்றி.

தம்பிக்கு ஆறு வயது. சின்ன வயதில் அவனுக்கு ஒரு காய்ச்சல் வந்தது. காய்ச்சல் போய்விட்டது. போகும்போது கால்களில் இருந்த பலத்தையும் எடுத்துக்கொண்டு போய்விட்டது. ஆஸ்பத்திரியில் உடற்பயிற்சி சொல்லிக்கொடுக்கும் அக்கா, "தினமும் நடக்க விடுங்க. நடந்தாதான் காலுக்குப் பலம் வரும்" என்றார்.

சொல்வது சுலபம். வீட்டில் சிமெண்ட் தரையில் நடக்க விட்டோம். முதல் நாளே குப்புற விழுந்தான். முகவாய் கிழிந்து தையல் போட வேண்டியதாகிவிட்டது. அதற்குப் பிறகு தரையில் நிறுத்தினாலே காலை மடக்கிக்கொள்வான். கெஞ்சினோம், கொஞ்சினோம், மிட்டாய் காட்டினோம். ஊஹூம்.

"அப்ப மணல்ல விட்டுப் பாருங்க. காய்ஞ்ச மணல்ல விழுந்தா அடிபடாது" என்றார் அந்த அக்கா.

மணலில் அவன் நடந்தான்! தள்ளாடித் தள்ளாடி நடப்பான், விழுவான், வாயில் போன மணலைத் துப்பிவிட்டு மறுபடி எழுந்து நடப்பான். இந்த உலகத்தில் அவன் நடக்கச் சம்மதித்த இடம் அது ஒன்றுதான். அந்த இடம்தான் நாளுக்கு நாள் குறைந்துகொண்டே வந்தது.

பள்ளி விட்டதும் அவனை இடுப்பில் தூக்கிக்கொண்டு கீழே போவது என் வேலை. முன்பெல்லாம் அங்கே பந்து விளையாட இடம் இருந்தது. படகுகளை இழுத்துப் போட இடம் இருந்தது. சாயங்காலமானால் தெருவே வந்து உட்கார்ந்து ஊர்வம்பு பேச இடம் இருந்தது. இப்போது படகுகள் எங்கள் தெருவுக்குள் நிற்கின்றன. வம்பு பேசுகிறவர்கள் கதவைச் சாத்திக்கொண்டு வீட்டுக்குள் இருக்கிறார்கள். காய்ந்த மணல் என்று மிச்சம் இருந்தது ஒரு பாய் விரிக்கும் அளவுக்குத்தான்.

அன்றைக்கு அந்தப் பாயளவு மணலில் தம்பியை இறக்கிவிட்டேன். இரண்டு எட்டு வைத்திருப்பான். ஓர் அலை வந்து அவன் காலடி மணலை உருவிக்கொண்டு போனது. சறுக்கி விழுந்தான். மணலுக்கு அடியில் இருந்த செங்கல் ஒன்று அவன் முழங்காலைப் பதம் பார்த்துவிட்டது. ஒன்று முதல் ஆறு வரை இருந்த வீடுகளில் ஏதோ ஒன்றின் செங்கல் அது.

அவன் அழவில்லை. அழுதிருந்தால்கூடப் பரவாயில்லை.

"அக்கா, வீட்டுக்குப் போலாம்."

"இன்னும் கொஞ்சம் நடடா. என் செல்லம் இல்ல?"

"வேணாம்க்கா. இங்கயும் தரை வந்துடுச்சு."

அவனைத் தூக்கிக்கொண்டு திரும்பினால், அங்கே ஒரு இன்ஜினியர் மேடம் மணலில் சிவப்புக் கொடிகளைக் குத்திக்கொண்டிருந்தார்.

"என்ன மேடம் பண்றீங்க?"

"கல்லு போடப் போறோம்மா. பெரிய பெரிய பாறாங்கல். மழைக்காலத்துக்கு முன்னாடி சுவர் மாதிரி அடுக்கியாகணும்."

"இந்த இடத்துலயா?"

"இங்கதான். போடலைன்னா மிச்சம் இருக்கிற வீடும் போயிடும்."

"அப்ப மணல்?"

அவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். "அலை வந்து கல்லுல மோதும். மோதித் திரும்பறப்ப முன்னால இருக்கிற மணலை வாரிட்டுப் போயிடும். வீடு நிக்கும், மணல் நிக்காது. எனக்குப் பொய் சொல்ல வராதும்மா."

அவர்மேல் கோபப்பட நான் எவ்வளவோ முயன்று பார்த்தேன். உண்மையைச் சொல்லுகிறவர்களிடம் கோபப்படுவது பெரிய கஷ்டம்.

வீட்டில் அம்மா தையல் மெஷினை நிறுத்திவிட்டு நான் சொன்னதைக் கேட்டாள். அப்பா வந்ததும் அவரிடம் சொன்னாள்.

"எங்க அண்ணன் வீட்டுக்கே போயிடலாம். எத்தனை தடவை கூப்பிட்டுட்டாரு."

மாமா வீடு ஊருக்கு நடுவில், மூன்றாவது மாடியில் இருக்கிறது. அங்கே தரை முழுக்க வழவழவென்று டைல்ஸ். பெரியவர்களே பார்த்துத்தான் நடக்க வேண்டும்.

"அவசரப்படாதே" என்றார் அப்பா.

"அவசரமா? கடல் வாசல்ல வந்து நிக்குது!"

"அதுக்கு நான் என்ன பண்றது? கடலைப் பிடிச்சுக் கட்டிப் போடவா?"

"கடலை யாரு கட்டச் சொன்னா? பெட்டியைக் கட்டுங்கன்னு சொன்னேன்."

மேசைக்கு அடியில் பொம்மைக் காரைத் தள்ளிக்கொண்டிருந்த தம்பி தலையை நீட்டினான். "மாமா வீட்டுல மணல் இருக்கா?"

அம்மா சாப்பாட்டுத் தட்டுகளை எடுத்து வைத்தாள். அன்று யாரும் சரியாகச் சாப்பிடவில்லை.

மறுநாள் பள்ளி விடுமுறை. காலையிலேயே முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அப்பா நகராட்சியில் குப்பை லாரி ஓட்டுகிறார். வேலைக்குக் கிளம்பும்போது என்னைப் பார்த்தார்.

"நீயும் வா பட்டாசு. இந்த மூஞ்சியோட இங்க இருந்தியானா அம்மா சாயங்காலம் என்னையும் சேர்த்துத் திட்டுவா."

போனேன். கடலோரச் சாலையில் லாரி நின்றது. முந்தின நாள் நல்ல காற்று. அது எங்கள் கரையை ஒட்டிய அந்தப் பக்கத்து மணலையெல்லாம் தூக்கி வந்து சாலையில் போட்டிருந்தது. துப்புரவுப் பணியாளர்கள் அதை அள்ளி அள்ளி லாரியில் கொட்டினார்கள். லாரி நிறைந்ததும் அப்பா ஊருக்கு வெளியே இருக்கிற பழைய கல்குழிக்கு ஓட்டிக்கொண்டு போனார். அங்கே ஒரு கம்பியை இழுத்தார். லாரியின் பின்பக்கம் தூக்கிக்கொண்டது. சரசரவென்று எல்லாம் சரிந்தது.

நான் சும்மாதான் கீழே குதித்தேன். கால் மெத்தென்று உள்ளே போனது. சூடாக, காய்ந்து, பொலபொலவென்று இருந்தது. விரல்களுக்கு நடுவே சின்னச் சின்னக் கிளிஞ்சல்கள். நிமிர்ந்து பார்த்தேன். குழி எப்போதோ நிரம்பிவிட்டிருந்தது. என் முன்னால் ஒரு மலை நின்றது. முழுக்க மணல்.

"அப்பா!" என்று அலறினேன். "கீழே! கீழே!"

அப்பா பதறிப்போய் என் காலடியைப் பார்த்தார். "என்ன? பாம்பா?"

"பாம்பு இல்லப்பா! கீழே! நம்ம கீழே! இங்க இருக்கு!"

அப்பா நிமிர்ந்தார். அந்த மலையைப் பார்த்தார். அப்படியே லாரியின் படியில் உட்கார்ந்துவிட்டார்.

"ரோட்ல மணல் கிடந்தா வண்டி சறுக்குதுன்னு அள்ளச் சொன்னாங்க" என்றார் மெதுவாக. "அள்ளினேன். குப்பையைக் கொட்டற இடத்துல கொட்டினேன். அதை மணல்னே நினைக்கலையே நான். குப்பைன்னே நினைச்சுட்டேன். என் புள்ளை நடக்கிற இடத்தை நானே லாரியில ஏத்திட்டு வந்திருக்கேன்."

சத்தியமாகச் சொல்கிறேன், எனக்கு அவரைப் பார்த்துக் கத்த வேண்டும்போல் இருந்தது. 'உனக்குக் கண்ணே இல்லையாப்பா' என்று நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது. ஆனால் அப்பா சட்டைக் கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார். நான் போய் அவர் பக்கத்தில் ஒட்டி உட்கார்ந்தேன்.

"நீ மட்டுமாப்பா? வீட்டுக்குள்ள வர்ற மணலை நான் தினமும் பெருக்கிக் குப்பைத் தொட்டியிலதானே போடறேன்? தெருவே போடுது."

அப்பா மூக்கை உறிஞ்சினார்.

"எந்திரிப்பா" என்றேன். "திருப்பிக் கொண்டு போலாம்."

நாங்கள் இருவரும் முடிந்த மட்டும் மணலை மறுபடி லாரியில் அள்ளிப் போட்டுக்கொண்டு போய், இன்ஜினியர் மேடத்தைக் கொடி குத்திய அதே இடத்தில் பிடித்தோம். நான் மூச்சு விடாமல் பேசினேன். அவர் குறுக்கே பேசாமல் கேட்டார். பிறகு லாரியில் ஏறி ஒரு கை மணலை அள்ளினார். அதில் ஒரு பாட்டில் மூடியும் கண்ணாடித் துண்டும் இருந்தன.

"இதை அப்படியே கொட்ட முடியாதும்மா. கால் கிழிஞ்சிடும்."

"சலிச்சுக் கொட்டறோம் மேடம்."

"யாரு சலிப்பா?"

"நாங்கதான்" என்றேன். வேடிக்கை பார்க்க வந்திருந்த கொசு பாட்டை நிறுத்தினான். "நாங்கன்னா யாரு?" என்று பயந்துபோய்க் கேட்டான்.

மேடம் லாரியிலிருந்து இறங்கினார். "இங்க பாரு. கடல் உசந்துக்கிட்டே வருது. நீங்க கொட்டக் கொட்ட அது எடுக்கும். பெரிசா ஒண்ணு வந்தா மொத்தமும் போயிடும். நீ பெரியவளாகறப்ப இந்தத் தெரு இருக்குமான்னே என்னால சொல்ல முடியாது."

அந்தப் பேச்சை யாரும் அதுவரை என்னிடம் இப்படி நேராகச் சொன்னதில்லை.

"அவ்வளவு நாள் வேணாம் மேடம். என் தம்பி நல்லா நடக்கிற வரைக்கும் இருந்தா போதும்."

மேடம் மணலில் குத்தியிருந்த கொடிகளிடம் போனார். ஒரு கொடியைப் பிடுங்கினார். அடுத்ததையும் பிடுங்கினார். எல்லாவற்றையும் கொண்டுபோய் கடலை விட்டுப் பின்னால் தள்ளி, ஏழாம் வீட்டை ஒட்டிக் குத்தினார்.

"கல்லை இங்க போடறேன். தள்ளி இருந்தா அலை சீக்கிரம் வந்து மோதாது. முன்னால இடம் விட்டிருக்கேன். அதுல மணல் நிக்கிறதும் நிக்காததும் உங்க பாடு."

பிறகு போனை எடுத்துக்கொண்டு ஒதுங்கினார். "ரோட்டு மணல் இனிமே குழிக்குப் போகக் கூடாது சார்" என்று யாரிடமோ சண்டை போட்டார். சண்டை போடுவதில் அவர் எனக்கு மேல் என்று அன்றைக்குத் தெரிந்துகொண்டேன்.

கொத்தனார்கள் வைத்திருப்பதுபோல் பெரிய சல்லடைகளை அப்பா வாங்கி வந்தார். தெருப் பிள்ளைகள் எல்லோரும் பள்ளி விட்டதும் கீழே கூடினோம். ஒரு சல்லடைக்கு இருபுறமும் இரண்டு பேர். சலிக்கச் சலிக்கக் கை கடுத்தது. ஒற்றைச் செருப்பு, சாவி, பொம்மையின் கை என்று என்னென்னவோ வந்தன. ஒருநாள் ஒரு பல்செட் வந்தது. "இது யாருதுன்னு எல்லார் வாயையும் திறந்து பார்க்கணும்" என்றான் கொசு. அன்று முழுக்க எந்தப் பெரியவரும் எங்கள் பக்கம் பார்த்துச் சிரிக்கவில்லை.

காற்றில் மணல் பறக்காமல் இருக்கக் கம்புகளை நட்டு, கிழிந்த மீன்வலைகளைக் கட்டச் சொன்னார் மேடம். கட்டினோம். பின்னால் பாறாங்கற்களும் வந்து இறங்கின. கறுப்பாக, அசிங்கமாகத்தான் இருந்தன. பாயளவு மணல் ஓர் அறையளவு ஆனது. பிறகு ஒரு வீட்டளவு ஆனது.

தம்பி முதலில் உட்கார்ந்தபடி கிளிஞ்சல் பொறுக்கினான். பிறகு எழுந்து நின்றான். பிறகு ஒருநாள் என் கையை உதறிவிட்டு முதல் கம்பு வரைக்கும் நடந்துபோய், கம்பைக் கட்டிக்கொண்டு திரும்பிச் சிரித்தான். அன்று அம்மா தையலை விட்டுவிட்டு ஜன்னலிலேயே நின்றாள்.

மேடம் சொன்னது அந்த வாரமே வந்தது.

மழை இல்லை, காற்றுகூட இல்லை. நல்ல வெயில். மத்தியானம் கடல் சும்மா வீங்கியது. பள்ளியிலிருந்து நாங்கள் வந்தபோது அலை வலைகளைத் தாண்டி வந்துகொண்டிருந்தது. நாங்கள் கற்களின்மேல் நின்று பார்த்தோம். வேறு என்ன செய்ய முடியும்? கம்புகள் ஒவ்வொன்றாகச் சாய்ந்தன. கை கொப்புளிக்க நாங்கள் சலித்த மணலை அது கரைத்துக் குடித்துவிட்டுப் போனது. கற்கள் நின்றன. ஏழாம் வீடு நின்றது. மணல் இல்லை. கொசு பாடவில்லை.

வீட்டுக்கு வந்து நான் அழுத அழுகை தெருக்கோடி வரைக்கும் கேட்டிருக்கும். "எல்லாம் வீண்! எல்லாமே வீண்!" என்று தலையணையைக் குத்தினேன். அம்மா என்னைச் சமாதானப்படுத்தவில்லை. பரண்மேல் இருந்த பெட்டிகளை இறக்கினாள். நான் எழுந்துபோய், யாரும் சொல்லாமலே, என் துணிகளை மடித்து உள்ளே வைத்தேன்.

மறுநாள் காலையில் நான் படுக்கையை விட்டு எழுந்திருக்கவில்லை. சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்திருந்தேன்.

"அக்கா, லாரி!" என்றான் தம்பி. வாசலில் உட்கார்ந்திருந்தான்.

"குழிக்குப் போகும்."

"இல்லக்கா. ரிவர்ஸ்ல வருது."

"வந்துட்டுப் போகட்டும்."

"என்னைக் கூட்டிட்டுப் போ."

"அங்க ஒண்ணும் இல்லடா. ஏன் உசுரை வாங்கற?"

கதவு கிரீச்சென்று ஆடியது. எனக்கு ஏதோ சரியில்லை என்று பட்டது. திரும்பினேன்.

அவன் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றுகொண்டிருந்தான். ஒரு காலை வாசற்படி சிமெண்ட்டில் வைத்திருந்தான். கால் வெடவெடவென்று ஆடியது. பல்லைக் கடித்துக்கொண்டிருந்தான், கண்ணில் தண்ணீர் நின்றது. அந்த ஓர் எட்டு வைக்க அவன் எவ்வளவு பயந்திருப்பான் என்று என்னைவிட யாருக்குத் தெரியும்?

"நில்லுடா! நில்லு, வரேன்!" என்று பாய்ந்து அவனைத் தூக்கினேன்.

கீழே அப்பா லாரியைச் சாய்த்துக்கொண்டிருந்தார். கொசு சல்லடையின் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு, தூக்கக் கலக்கத்தில் கொட்டாவி விட்டான். மறுமுனையில் அம்மா நின்றாள். சேலையை இழுத்துச் செருகியிருந்தாள், தலை முழுக்க மணல்.

"அம்மா, பெட்டி?"

"கட்டினது கட்டினபடியே இருக்கட்டும்" என்றாள் அம்மா. "எப்படியும் ஒருநாள் போகத்தான் போறோம். இன்னிக்குப் போகலை."

லாரியிலிருந்து விழுந்த குவியல் சின்னதாக இருந்தது. கடல் எடுத்துக்கொண்டு போனதோடு ஒப்பிட்டால் ஒன்றுமே இல்லை.

"இதுவும் போயிடுமேப்பா" என்றேன்.

"போகும்" என்றார் அப்பா.

"அப்புறம்?"

"அப்புறம் என்ன? காத்து அடிக்கும், ரோட்டுக்கு மணல் வரும், நான் அள்ளுவேன். சம்பளம் வாங்கறது அதுக்குத்தானே?"

தம்பி என் இடுப்பில் நெளிந்தான். இறக்கிவிட்டேன். அவன் யாரையும் பார்க்கவில்லை. நேராகக் குவியலுக்கு நடந்தான். ஏறப் பார்த்துத் தொப்பென்று முகம் குப்புற விழுந்தான். அம்மா சல்லடையைப் போட்டுவிட்டு ஓடினாள். அதற்குள் அவனே புரண்டு எழுந்து உட்கார்ந்துவிட்டான். புருவம், மூக்கு, உதடு எல்லாம் மணல். த்தூ த்தூ என்று துப்பினான். குவியலை ஒரு பார்வை பார்த்தான், கடலை ஒரு பார்வை பார்த்தான்.

பிறகு வேலை வாங்கும் மேஸ்திரியைப் போல லாரிப் பக்கம் கையை நீட்டினான்.

"அப்பா, இது பத்தாது. இன்னொரு லோடு கொண்டு வா!"